குழாய்த் தண்ணீருக்கு ஓட்டு

பள்ளிக்கூட அரங்கில் வாக்காளர் வரிசை மெல்ல நகர்கிறது. ஊருக்குச் சுத்தமான தண்ணீர் கொண்டுவர வீட்டுவரியை உயர்த்தலாமா என்பதுதான் இன்றைய ஓட்டு. ஒஃபீலியாவின் தோளில் கைக்குழந்தை மத்தேயோ சத்தமில்லாமல் கிடக்கிறான். அவளுக்குப் பின்னால் நிற்கும் பாதாம் தோப்புக்காரர் டாரல் தொப்பியைச் சரிசெய்தபடி சிரிக்கிறார். "பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்? வரியக் கூட்டுனா நான் வேணாம்னுதான் போடுவேன்." "நீங்க எருமை மாதிரி இருக்கீங்க டாரல். இவன் பச்சப்புள்ள," என்று சொல்லிக்கொண்டே ஒஃபீலியா குழந்தையைத் திருப்புகிறாள். அவன் உதடு நீலமாக இருக்கிறது. நகங்களும் அப்படியே. குழல்விளக்கு வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். வெயிலிலும் நீலம் மாறவில்லை. கேன் தண்ணீர் வண்டி இந்த வாரம் வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் அவள் புட்டிப்பால் கரைத்தாள். வயல் உரம் இறங்கிய தண்ணீர் கைக்குழந்தையை நீலமாக்கிவிடும், காய்ச்சினாலும் விஷம் போகாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது இப்போதுதான் அவள் நினைவுக்கு வருகிறது. பின்னாலேயே வந்த டாரல் குனிந்து பார்க்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. "என் வண்டில ஏறும்மா. ஏறு!" தோப்புகளுக்கு நடுவே ஆஸ்பத்திரியை நோக்கி வண்டி பறக்கிறது. "அழுடா கண்ணு, ஒரு தடவ அழுடா," என்று ஒஃபீலியா குழந்தையின் பாதத்தைத் தேய்க்கிறாள். சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் டாரலும் கெஞ்சுகிறார்: "அழுடா பயலே."