பகலில் மூடிய திரை

கம்ப்யூட்டரில் வெயில் நேராக அடித்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. முன்னறைச் சன்னலின் திரையை இழுத்து மூடினேன்.

காதுக்குள் ஒரு பெண் தன் கார் நசுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம் என்றாள். தட்டினேன்.

கார் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. ஊரடங்கு போட்டதும் கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் முன்னறையில் மேசை போட இடமில்லை. இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன்.

அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன்டா, வேலை பாக்குறியா, சட்டை தேய்க்கிறியா?"

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அது. டர்ஹாம் சுரங்கத்தில், அதை மூடும்வரை நிலக்கரி வெட்டியவர். நுரையீரலில் பாதி ஏற்கெனவே தூசி. மீதிப் பாதியில் இப்போது கொரோனா. பார்க்கப் போக முடியாது. காலையில் நர்ஸ் போன் செய்வாள். உயிரோடு இருக்கிறாரா என்பது அதில்தான் தெரியும்.

இன்று இன்னும் போன் வரவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியே எதிர்ச்சாரி தெரிந்தது. மொரீன் ஆன்ட்டி வீட்டுத் திரை மூடியது. பிறகு அவள் பக்கத்து வீடு. பிறகு அதற்கடுத்தது.

அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

எங்கள் தெருவில் பகலில் திரையை மூடினால் அர்த்தம் ஒன்றுதான். வீட்டில் சாவு. பார்த்ததும் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் மூடிவிடும். பெட்டி இடுகாட்டுக்குப் போகும்வரை யாரும் திறக்கமாட்டார்கள். சுரங்கம் போய்விட்டது. இது போகவில்லை.

எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வருடக்கணக்காகப் பகலில் நான் நியூகாசில் ஆபீசில் இருந்தவன். அங்கே வெயில் அடித்தால் மூடுவோம். அந்தக் கைப்பழக்கம்.

உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு நானே சாவு சொல்லிவிட்டேன்.

அடுத்து இன்னொன்று தோன்றியது. என்னைப் பார்த்துத்தான் மூடினார்களா? இல்லை, எனக்கு வராத சேதி அவர்களுக்கு வந்துவிட்டதா?

கார்க்காரி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினேன்.

மொரீன் ஆன்ட்டி வாசலில் நின்றிருந்தாள். கறுப்புக் கம்பளிச் சட்டை. கையை நீட்டி என்னை நடுத்தெருவிலேயே நிறுத்தினாள்.

"அங்கேயே நில்லு. ஒட்டிக்கிட்டு வராதே."

"ஆன்ட்டி, எங்கப்பா சாகல!"

"செத்தான்னு யாருடா சொன்னா? கத்தாதே. வில்ஃப் போயிட்டான். விடியக்காலைல."

"நல்லவேளை" என்றேன்.

நாக்கைக் கடிப்பதற்குள் வந்துவிட்டது. அவளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றாள்.

வில்ஃப் டுலிப் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், ஆட்ரியின் புருஷன். அப்பாவோடு ஒரே லிஃப்ட் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். போன வாரம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதை இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கைதான் போட்டிருக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். அப்பாவுக்குப் பேச்சுத்துணை ஆயிற்று என்று நினைத்தேன். அதற்குமேல் அவரைப் பற்றி நினைக்கவில்லை.

"ஆட்ரி உன்னைச் சொல்லித்தான் அழறா" என்றாள் மொரீன் ஆன்ட்டி. "இந்தக் காலத்துல யாரு வரப்போறா, எம் புருஷனுக்கு ஒரு திரையாவது மூடுவாங்களான்னு தெருவையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாளாம். யார்கிட்டயும் சொல்ல வாய் வரல. பாத்தா நீ மூடிட்டே. நான் உங்கப்பன்தானோன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன். அவ போன் பண்ணி, 'ஆஸ்பத்திரிலேர்ந்து பையனுக்குச் சேதி வந்திருக்கு, வில்ஃபுக்காக முதல் ஆளா மூடிட்டான்'ங்கிறா. அப்புறம்தான் எனக்கே விஷயம் தெரியும். ஒழுங்காத்தான்டா வளத்திருக்கான் உங்கப்பன்."

வெயில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆட்ரி வீட்டுச் சன்னலைப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினேன்.

உள்ளே ஹெட்போனில் சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன்.

நர்ஸ்தான். "இன்னிக்குத் தேவலை. உங்ககிட்ட பேசணும்னு ஒரே அடம். ரெண்டு வார்த்தை பேசுங்க. கலங்க வெச்சுடாதீங்க, மூச்சு இப்பதான் கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கு."

போன் கைமாறியது. ஆக்சிஜன் இரைச்சல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அப்பா மூச்சைத் தேடினார்.

"வில்ஃப் படுக்கை காலியா இருக்குடா. கேட்டா வேற வார்டுங்குதுங்க. இதுங்க பேச்சை எவன் நம்புவான்? நீ சன்னலண்டதானே இருக்கே. எட்டிப் பாரு. அவன் வீட்டுத் திரை திறந்திருக்கா?"

இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். எட்டிப் பார்க்கவில்லை.

"நல்லா விரியத் திறந்திருக்குப்பா" என்றேன். "ஆட்ரி கண்ணாடி தொடைச்சுக்கிட்டு இருக்கா."