யார் உட்கார்ந்த நாற்காலி?

"இதுல யார் உட்கார்ந்தது, தம்பி?" என்று கேட்டேன்.

நாற்காலியை விற்கிற பாலன் அதன் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேப்பரில் விளம்பரம் பார்த்து, கிள்ளானிலிருந்து பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்திருந்தேன். 'சக்கர நாற்காலி விற்பனைக்கு. புதிது போல் இருக்கும்' என்று போட்டிருந்தான். புதிது போல் என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் செமினியில் ஒருவன் அப்படிச் சொல்லித்தான் ஒரு டிவியை என் தலையில் கட்டினான். மூன்றாம் நாளே படம் போய், சத்தம் மட்டும் வந்தது. அதிலிருந்து செமினியில் யார் கல்யாணம் வைத்தாலும் நான் போவதில்லை.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பிரேக் போட்டு, நானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. விலையும் குறைவு. அதுதான் உறுத்தியது.

"எங்க அம்மா, அண்ணே," என்றான் கடைசியில்.

"அவங்க இப்போ எங்கே?"

அவன் தரையைப் பார்த்தான்.

நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் மனைவி தங்கமணிக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். உட்காரப் பழகினால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவளோ, இனி எதற்கு என்று சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். நாற்காலி வாங்கவும் ஒரே நிபந்தனைதான் போட்டாள். செத்துப்போனவர் உட்கார்ந்தது என்றால் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

"அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடறேன்."

பாலன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நான்தான் அண்ணே அவன் அம்மா. ஆறு மாசம் இதுலதான் கிடந்தேன்."

இரண்டு கையிலும் காய்கறி நிறைந்த பாசார் பையோடு ஓர் அம்மா வாசலில் நின்றார். மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

நான் சும்மா விடவில்லை. கை கால் எந்தப் பக்கம் விழுந்தது, எது முதலில் அசைந்தது என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். இடது பக்கம் என்றார். முதலில் கட்டைவிரல் அசைந்ததாம். அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு தினமும் பத்து அடி. நாலாம் நாள் வலி தாங்காமல் அழுதுவிட்டாராம். இத்தனை விவரமாக யாராலும் பொய் சொல்ல முடியாது. நாற்காலியை டாக்சியில் ஏற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்கத் தங்கமணியிடம் அந்த அம்மாவைப் பற்றியேதான் பேசினேன். அவள் சுவர்ப் பக்கமே திரும்பியிருந்தாள். மறுநாள் மத்தியானம், "என்னைத் தூக்கி உட்கார வைங்க," என்றாள்.

தீபாவளி நெருங்கும்போது சுவரைப் பிடித்து அடுப்படிவரை நடந்தாள். மகள் பிழிந்துகொடுக்க, நின்றபடியே முறுக்கு சுட்டாள். அதில் ஒரு டின்னை அந்த அம்மாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அவ்வளவு தூரம் எதற்கு என்று தடுத்துப் பார்த்தாள். நான் கேட்கவில்லை.

பாலன் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாலையோடு தொங்கியது. 'அம்மா' என்று எழுதியிருந்தது. கீழே போட்டிருந்த தேதி, நான் நாற்காலி வாங்குவதற்கு ஒரு மாதம் முந்தியது. படத்தில் இருந்தது வேறு முகம்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பாசார் பை அம்மாதான் வெளியே வந்தார். பெயர் புஷ்பவல்லியாம். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கட்டைவிரல், மேசை, அழுகை எல்லாம் வார்டில் அவர் கண்ணால் பார்த்ததுதானாம், ஆனால் வேறு வேறு நோயாளிகளுடையது. பாலன் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தானாம், நான் தங்கமணியைப் பற்றிச் சொன்னதை வாசலில் கேட்டு நின்ற இவர்தான் முந்திக்கொண்டாராம்.

நான் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அக்கா நடக்கிறாங்களா, அண்ணே?"

"நடக்கிறா."

"அப்போ இன்னும் கொஞ்சம் திட்டிட்டுப் போங்க. பரவாயில்ல லா," என்று முறுக்கு டின்னை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதே, இனி பிரிக்பீல்ட்ஸ் கல்யாணத்துக்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் தங்கமணியிடம் என்ன சொல்வது? தெரிந்தால் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளே.

வீட்டில் அவள் நின்றுகொண்டு தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

பொய் சொன்ன ஒருவனையும் நான் இதுவரை மன்னித்ததில்லை.

"நல்லா இருக்காங்க. உன்னைத்தான் விசாரிச்சாங்க," என்றேன்.

தங்கமணி கிளாஸை என் முன்னால் வைத்தாள்.

"பாலனோட அம்மா செத்துட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நாற்காலி வந்த மறுநாள் பேப்பர்லயே முப்பதாம் நாள் காரியம்னு போட்டிருந்துச்சு. நாற்காலி விளம்பரத்துல இருந்த அதே பிரிக்பீல்ட்ஸ் விலாசம்."

எடுத்த கிளாஸைத் திரும்ப வைத்தேன். "தெரிஞ்சுமா அதுல உட்கார்ந்தே?"

"நீங்க ஒரு மனுசரை நம்பி, அவங்களைப் பத்தி நல்லதா பேசி, ஒன்பது வருசத்துல அன்னிக்குத்தான் கேட்டேன். அதுல உட்காராம படுத்தே கிடந்து அதைக் கெடுக்க மனசு வரலைங்க."