நிழலுக்கு ஒரு நிறம்

"இந்த நிழலுக்கு என்ன நிறம்மா போட்டீங்க? சாம்பல்னும் சொல்ல முடியல, ஊதான்னும் சொல்ல முடியலையே!"

கண்காட்சி நடத்துபவர் கேட்டது அண்ணியிடம். பக்கத்திலேயே தன் படத்தோடு நின்ற குட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர்.

"சும்மா ஒரு கலவைதாங்க," என்று அண்ணி மழுப்பினாள்.

"ரெண்டு பேரும் படத்தை முடிச்சு வைங்க. அடுத்த வாரம் வந்து ஒண்ணை எடுத்துக்கறேன். வாசலுக்கு நேரா இருக்கிற சுவர்ல ஒரு படத்துக்குத்தான் இடம்."

அவர் படியிறங்கியதும் குட்டி பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எனக்காவது சொல்லலாம்ல?"

"ஐயோ, அதுல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல குட்டி." அண்ணியின் முகம் ஏனோ சிவந்தது.

குட்டிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? பதினைந்து வருடமாகத் தூரிகை பிடிப்பவள் அவள். அண்ணியோ கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு, இவள் வரைவதைப் பார்த்து ஆசைப்பட்டு ஆரம்பித்தவள்.

அன்றிலிருந்து மாடி அறையில் குட்டிக்கு வேறு வேலையே ஓடவில்லை. நீலத்தில் பழுப்பைக் கலந்தாள். பச்சையில் சிவப்பைக் கலந்தாள். ஒன்று சேறாக வந்தது, இன்னொன்று சிமெண்டாக வந்தது. எல்லாவற்றையும் கத்தியால் வழித்து மூலையில் இருந்த தகர டப்பாவில் எறிந்தாள். அண்ணி மட்டும் ஒரு கண்ணாடி பாட்டிலிலிருந்து நிறத்தை எடுத்து, பாட்டு முணுமுணுத்தபடி நிழல் போட்டுக்கொண்டிருந்தாள்.

'இறுக்கி மூடி வேற போட்டு வச்சிருக்கா பாரு' என்று குட்டி பல்லைக் கடித்தாள்.

ஏழாம் நாள் வந்தது. சாயங்காலம் அவர் வந்துவிடுவார். அண்ணியின் படத்தில் ஒரு நாற்காலியின் நிழல் மட்டும்தான் பாக்கி. அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து, குட்டி அந்த பாட்டிலைத் திறந்தாள். ஒரு பொட்டு விடாமல் வழித்துத் தகர டப்பாவில் கொட்டினாள். மனசு குளிர்ந்தது.

அண்ணி வந்தாள். காலி பாட்டிலைப் பார்த்தாள், டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சு அண்ணி," என்றாள் குட்டி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

அண்ணி கோபப்படவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு டப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்ல விடு. எங்கேயிருந்து வந்துச்சோ அங்கேதானே போயிருக்கு," என்றாள் சங்கடமான சிரிப்போடு. "குப்பையில பொறுக்கறேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு குட்டி. நீ வழிச்சு எறியற மிச்சத்தைத்தான் இத்தனை நாளும் எடுத்து வச்சுக்கிட்டிருந்தேன். அதிலும் இந்த ஒரு வாரமா நீ ஏனோ அள்ளி அள்ளிப் போட்டே... அதான் இந்தப் படம் இவ்வளவு நல்லா வந்துச்சு!"