ஈரலுக்குப் போன மண்

பிள்ளையின் ஈரலைத் தின்றது எலியின் உடம்பில் வாழும் புழு என்றார் டாக்டர். எலி செத்து மட்கிய மண்ணில் அதன் முட்டைகள் கிடக்குமாம். அந்த மண் எப்படியோ பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. வேலாயுதம் தலையாட்டினான். செவ்வாய்தோறும் அவன் மனைவி செண்பகம் அம்மன் கோயில் புற்றுமண்ணைப் பாலில் கரைத்து, நோய்நொடி அண்டாதிருக்க வேண்டிக்கொண்டு பிள்ளைக்குப் புகட்டி வந்தாள்.

வெளியே பெஞ்சில் அவள் உயிர் போன அந்தச் சிறு உடலை மடியில் வைத்திருந்தாள்.

"மண்ணுன்னு காதுல விழுந்துச்சே. எந்த மண்ணுங்க?"

பொய் சொல்லிப் பழகாதவன் அவன். அம்மனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"சூளை மண்ணு. நீ ரேஷனுக்குப் போன அன்னைக்கு வேலைக்குத் தூக்கிட்டுப் போனேன்லா, அங்க அள்ளித் தின்னுட்டான். நான் பாக்கல."

"அடப் பாவி! பெத்த புள்ளயப் பாக்காம அங்க வேற என்னத்தய்யா பாத்த?"

ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி மறு கையால் அவனை அடிக்க ஓங்கினாள். நின்றிருந்தவனின் மார்புக்கு அவள் கை எட்டவில்லை. வேலாயுதம் மெல்ல அவள் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.