பதின்மூன்றாவது பெயர்

“இந்தக் கல்லுல எங்கப்பா பேரையும் வெட்டுங்க.”

கோயிலுக்குள் கால் வைத்ததுமே கெசியா கேட்டுவிட்டாள். ‘என்ன வேணா பேசு, அதை மட்டும் கேட்டுடாதே’ என்று அம்மா கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிரதிஷ்டைக் கல்லில் கோயிலுக்கு உழைத்தவர்களின் பெயர்களை வெட்டிக்கொண்டிருந்த சைலஸ் உளியைக் கீழே வைக்கவில்லை. சுண்ணாம்புத் தூள் படிந்த இமைகளை மட்டும் உயர்த்தினார். பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, கோயில் முழுக்கப் பனி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. மதிய வெயிலில் வெள்ளைச் சுவர்கள் தரையில் நிற்காமல் கடல்மேல் அசைவது போலிருந்தன.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? உக்காரு. இளநி குடி.”

“பேரை வெட்டுங்க, குடிக்கிறேன்.”

“நம்ம தீவுலயே மொத பட்டதாரி. டவுன்ஸ்வில் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சு, பெரியவங்களைக் கும்பிட மறந்ததுதான் மிச்சம்.”

“கும்பிட்டா வெட்டுவீங்களா பெரியப்பா?”

சைலஸ் சிரித்துவிட்டார். வெளியே பெண்கள் நாளைய பிரதிஷ்டைக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பழைய ஜெபப் புத்தகமா புதுசா என்று தீவு இரண்டாகப் பிளந்து இருபது வருஷம். அந்த வருஷம் ஈஸ்டர் ஆராதனை எந்தக் கட்சிக்கு என்று அடிதடி நடந்த வாரத்திலேயே கோயில் எரிந்துபோனது. அதன்பிறகு ஒரு கூட்டம் பாதாம் மரத்தடியில் ஜெபித்தது, இன்னொரு கூட்டம் வலைக் கொட்டகையில். இப்போதுதான் இரண்டு கூட்டமும் சேர்ந்து சுவர் எழுப்பி, ஒரே ராகத்தில் பாடுகிறது.

கெசியா கல்லை விரலால் தடவினாள்.

“இந்தக் கட்சியில ஆறு பேரு, அந்தக் கட்சியில ஆறு பேரு. தினம் மணி அடிச்ச மனுஷனுக்கு மட்டும் எடமில்ல.”

“ஒபேத் எரிச்ச கோயில்ல ஒபேத் பேரா? உங்கப்பன் செத்துட்டான், அவனை விடு.”

“ரெண்டு கட்சியும் கை குலுக்க, பழி சுமக்க ஒரு செத்த ஆள் தேவைப்பட்டுச்சு. அதானே?”

உளி இரண்டு தட்டுத் தட்டி நின்றது. அவள் குரல் சட்டென்று தணிந்தது.

“எனக்கு ஒரு கனவு வரும் பெரியப்பா. சின்ன வயசுலேர்ந்து. எல்லாமே ஊதா. கடலுக்கு அடியில கெடக்கிற மாதிரி. பக்கத்துலயே ஒரு மணி, டொம் டொம்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.”

“கடல்ல வளந்த புள்ளைக்குக் கடல்தான் கனவுல வரும்.”

“அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க? எனக்கு உங்க வாயால கேக்கணும்.”

“எத்தனை தடவை சொல்றது? பெரிய வெள்ளிக்கு மொத நாள், பெரிய வியாழன் சாயங்காலம் பீடத்தைத் துடைச்சு, செவப்பு வெளக்கை நானே அணைச்சேன். வருஷத்துல அன்னைக்கு மட்டும் அணைக்கிற வழக்கம். உள்ள ஒரு பொறி கெடையாது. மறுநாள் விடியக்காலம் பாத்தா, திரை பத்திக்கிட்டு எரியுது. பொகைக்குள்ளேர்ந்து ஒபேத் ஓடி வர்றான். மார்ல ஊதாத் துணி மூட்டை! தவக்காலத்துக்கு வெள்ளிச் சிலுவையைப் போத்தி வெச்சிருந்த துணி. உள்ள சிலுவை இல்லாம வேற என்ன இருக்கும்? திருடிட்டுக் கொளுத்திட்டான். கேட்டதுக்கு ஒரு வார்த்தை பேசல. சாகிற வரைக்கும் பேசல.”

கெசியா பைக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கல்லின்மேல் விரித்தாள். நிறம் வெளுத்த ஊதாத் துணி. ஓரம் கருகியிருந்தது.

“அப்பா பெட்டியில இருந்துச்சு.”

சைலஸ் உளியைக் கீழே வைத்துவிட்டுத் துணியைத் தொட்டார். “அப்ப சிலுவை?”

“உருகி இந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கும்.”

அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

“எங்கடி போற?”

“ரெண்டு கட்சியும் பாட்டுக்கு வந்திருக்காங்களே. சொல்லிட்டு வர்றேன். படகுல வரும்போதே முடிவு பண்ணிட்டேன்.”

“கெடுத்துடாதம்மா! இப்பத்தான் ஒண்ணா சேந்திருக்கோம். பழி சொல்ல அவனைவிட்டா யாருமில்ல!”

“ஆள் இருக்கு.”

வாசற்படி தாண்டி, வெளிச்சத்துக்குள் இறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“செவப்பு வெளக்கு அணையவே கூடாதுன்னு அப்பா தினமும் சொல்லுவாரு. அன்னைக்கு மட்டும் அணைப்பாங்கன்னு சொல்லித்தர மறந்துட்டாரு. அதை ஏத்த நெருப்புப் பெட்டியோட பீடத்துல ஏறினப்ப எனக்கு அஞ்சு வயசு பெரியப்பா... அந்த மூட்டைக்குள்ள இருந்தது நான்தான்.”