ஆறரை மணி ஹாஜரி

கூட்ஸ் வண்டி நகர்வதாக இல்லை.

ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரத்துக்குப் போகும் குறுக்கு வழி தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகிறது. எல்லம்மா இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தெரிந்த வானத்தைப் பார்த்தாள். வெளுத்துவிட்டது. மணி ஆறேகால் இருக்கும்.

ஆறரைக்கு ஹாஜரி, பேர் கூப்பிடுகிற நேரம். தெரு பெருக்குகிறவர்கள் எல்லோரும் மார்க்கெட்டுக்குப் பின்னால் அரசமரத்தடியில் வந்து நிற்க வேண்டும். மேஸ்திரி சண்முகம் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரைக்கும் ஆறரை என்பது ஏழு வரை நீளும். புது சுகாதார இன்ஸ்பெக்டர் சீனிவாசராகவன் வந்த பிறகு அந்தக் கதை நடக்கவில்லை. அவருடைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஆறரை என்றால் ஊருக்கே ஆறரை.

அதுவும் இன்றைக்கு வெறும் ஹாஜரி இல்லை, சரிபார்ப்பு. ஆளை நேரில் பார்த்து, கைநாட்டு வாங்கி, பட்டியலைப் புதிதாக எழுதப் போகிறார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அந்தப் பேரைச் சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். அடித்தால் அடித்ததுதான்.

அந்தப் பட்டியலில் எல்லம்மாவின் பேர் கிடையாது. அவளுடைய அக்கா சின்னத்தாயியின் பேர்தான் இருக்கிறது.

அக்கா கிட்னி கெட்டுப் படுத்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக மரத்தடியில் எல்லம்மாதான் சின்னத்தாயி. மேஸ்திரிக்குத் தெரியும். கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். அந்த மரத்தடியில் அது ஒன்றும் அதிசயம் இல்லை.

பட்டியலில் பேர் இருக்கிற வரைக்கும் அக்காவின் வேலை ஒருநாள் அவள் மகள் மமதாவுக்கு வரும். பேர் அடிபட்டால், அப்பனும் இல்லாத அந்தப் பெண் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

மற்ற நாட்களில் ஆறு மணிக்கே போய் நிற்கிறவள் எல்லம்மா. இன்றைக்கென்று பார்த்து வீட்டில் ஒரு வேலை. பாதியில் விட்டுவிட்டு வரக்கூடிய வேலையாக அது இல்லை.

இனி நின்றால் ஆகாது. குனிந்து, பெட்டிகளை இணைத்திருந்த கொக்கிக்கு அடியில் நுழைந்தாள். பாதி தூரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முழங்கால் சிராய்க்க அந்தப் பக்கம் விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

மரத்தடிக்கு வந்தபோது பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பின்வரிசையில் போய்ச் சொருகிக்கொண்டாள். மூச்சு நெஞ்சைக் குத்தியது. சண்முகம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லம்மா."

வாய் திறந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது இன்னொரு எல்லம்மா, ஒக்கலிபுரத்துக்காரி. முன்வரிசையில் கையைத் தூக்கினாள். எட்டு மாதமாகப் பழகியும், சொந்தப் பேரைக் கேட்டால் திரும்பாமல் இருக்க இன்னும் வரவில்லை.

வனஜா கூப்பிடப்பட்டாள். கோமளம் கூப்பிடப்பட்டாள். இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பினார்.

"சின்னத்தாயி."

எல்லம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை.

பதில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட இப்படி ஆனதில்லை.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். சண்முகத்தின் முகம் சுண்டிப்போனது.

பேனா தாளில் படப் போன நேரத்தில்தான் அவளுக்குச் சத்தம் வந்தது.

"இருக்கேன் சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தாள்.

முன்னால் போய் மையில் விரலைத் தோய்த்து, அக்காவின் பேருக்கு நேராக அழுத்தினாள். ரேகை கொஞ்சம் இழுபட்டுத்தான் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலில் ரத்தம் கசிந்திருந்ததையும், முந்தானை ஓரம் இரண்டு முழ நீளத்துக்குக் கிழிந்து போயிருந்ததையும் பார்த்தார்.

"விழுந்து வாரிக்கிட்டு வந்தியாம்மா? பரவால்ல, டயத்துக்கு வந்துட்டே. நேத்தே சொன்ன மாதிரி ரெண்டு மணிக்கு இன்னொரு கைநாட்டு இருக்கு, அதையும் போட்டாத்தான் டூட்டி கணக்கு. மறந்துடாதே."

கெட்ட மனுஷன் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

முந்தானை வண்டிக்கு அடியில் கிழியவில்லை. விடியற்காலை வீட்டில் அவளேதான் கிழித்தாள், இரண்டு துண்டாக. ஒன்றை அக்காவின் தாடையைச் சுற்றித் தலையில் முடிந்தாள். இன்னொன்றால் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். விறைப்பதற்குள் கட்ட வேண்டியிருந்தது.

மமதா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு மணி வரைக்கும் அழக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

எட்டாவது கிராஸ் தெருவில் பெருக்க ஆரம்பித்தபோது பால் பூத் கடிகாரத்தில் மணி ஆறே முக்கால்தான் ஆகியிருந்தது.