ஒரே கொக்கி

“கயிறு அறுந்தா யாரு சார் பொறுப்பு?”

“அறுந்தாத்தானே சார்? இந்தக் கயித்துல ஒரு காரையே தொங்க விடலாம். அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு கயிறு. தனித்தனித் தூண்ல கட்டியிருக்கு” என்றார் பயிற்சியாளர்.

சுவரில் ஏறுவதையும் கயிற்றில் இறங்குவதையும் முப்பது வருஷமாகக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் ‘பல்லி மாஸ்டர்’. காய்கறி வாங்கப் போனாலும் தோள்பையில் ஒரு கயிறு இருக்கும். எங்கே மாட்டிக்கொள்வோம் என்று யார் கண்டது என்பார்.

அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் பின்பக்கச் சுவர்தான் அவருடைய பள்ளிக்கூடம். ‘பயமா? இங்கே இறக்கி வைக்கப்படும்’ என்று வாசலில் பலகை வேறு. ஆனால் இந்த மாதம் சேர வந்த மூன்று பேரும் மொட்டை மாடியிலிருந்து ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டு வழியாகப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்று சேர வந்திருக்கும் இவரும் நழுவிவிட்டால் மாஸ்டரின் மானம் கப்பலேறிவிடும்.

வந்தவர் ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர். கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். இடுப்புப் பட்டையின் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஹெல்மெட்டை முகர்ந்துகூடப் பார்த்தார்.

“இது எத்தனை பேர் தலையில ஏறினது?”

“கழுவித்தான் சார் வச்சிருக்கோம்.”

“எதால கழுவறீங்க?”

மாஸ்டருக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. முடியவில்லை. அவருடைய இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

“கன்னத்துல என்ன சார்?”

“குளவி கொட்டிடுச்சு.”

“எப்ப?”

“போன செவ்வாய்க்கிழமை.”

“அடடா” என்றார் வந்தவர். கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இவ்வளவு அக்கறையாகத் தன் கன்னத்தைப் பார்த்ததில்லை என்று மாஸ்டருக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது.

“ஏற்கெனவே மூணு இடம் போய்ப் பாத்துட்டேன் சார். நான் தேடினது எங்கேயும் கிடைக்கல. இங்க உங்களைப் பாத்ததும்தான், இதுதான் சரியான இடம்னு முடிவு பண்ணினேன்.”

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஆனா ஒண்ணு. நடுவுல என்னை அந்தரத்துல விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட மாட்டீங்களே?”

“நல்லாக் கேட்டீங்க! முதல் தடவை இறங்கறவங்களோட நானும் பக்கத்துலயே இறங்குவேன். உங்க பட்டையையும் என் பட்டையையும் ஒரே கொக்கியில மாட்டிடுவேன். பூட்டு உங்க பக்கம் இருக்கும். நீங்களா திறந்தாத்தான் உண்டு.”

“நீங்க நெனச்சாலும் கழட்ட முடியாது?”

“தலைகீழா நின்னாலும் முடியாது.”

வந்தவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

“நடுவழியில நிக்கணும்னா? ரெண்டு கையையும் கயித்துலேருந்து எடுக்கணும்னா?”

கயிற்றை எப்படிச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பது என்று மாஸ்டர் காட்டினார். மற்றவர்கள் இரண்டு நாள் திண்டாடும் முடிச்சை, வந்தவர் இரண்டாவது தடவையே கச்சிதமாகப் போட்டார்.

“சபாஷ்! கை பேசுதே சார் உங்களுக்கு!”

“சரி, ஒரு வேலையைத் தொடங்கிட்டுப் பாதியில ஓடறவங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?”

“கோழைப் பசங்க சார்!” மாஸ்டர் மார்பைத் தட்டிக்கொண்டார். “தொடங்கினா முடிக்கணும். வலிச்சாலும் முடிக்கணும்.”

“எனக்கு இது போதும். வாங்க, இறங்கலாம்.”

வந்தவர் ஒரு சின்னப் பையை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டார். மருந்துச் சாமான், கூடவே இருக்கணும் என்றார். பிரஷர் மாத்திரையாக இருக்கும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

விளிம்பில் நின்றதும் வந்தவர் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

“உயரம்னா எனக்கு சாவு பயம் சார்.”

“அப்புறம் எதுக்கு சார் இதைக் கத்துக்க வந்தீங்க?”

“தொழில் அப்படி.”

போச்சு, நாலாவது ஆளும் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பப் போகிறார் என்று மாஸ்டர் முடிவே கட்டிவிட்டார். ஆனால் அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தார். கால் சுவரில் பதிந்தது. ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது மாடி ஜன்னலைத் தாண்டும்போது மூச்சு சீரானது. இரண்டாவது மாடி வந்ததும் நின்று, கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

“பிரமாதம் சார்! பயமே போயிடுச்சு பாத்தீங்களா?” என்று மாஸ்டர் வீங்கின கன்னத்தோடு சிரித்தார்.

வந்தவர் பையைத் திறந்தார். ஒரு பச்சைத் துணி முகமூடியை எடுத்து மூக்கு, வாய் மறைய மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

மாஸ்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அந்தக் கண்களை அவர் போன செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறார், ஒரு சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி, பளீரென்ற விளக்குக்குக் கீழே. கை தானாகக் கொக்கியைத் தேடியது. பூட்டு அந்தப் பக்கம் இருந்தது.

“சொத்தைப் பல்லைப் பாதி துளைச்சுட்டு, பஞ்சு எடுக்க ஒரு நிமிஷம்தான் திரும்பினேன். அதுக்குள்ள என் ரெண்டாவது மாடி ஜன்னல்ல கயிறு கட்டி இறங்கி ஓடிட்டீங்க” என்ற பல் டாக்டர், பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். “வாயை நல்லாத் திறங்க மாஸ்டர். தொடங்கினா முடிக்கணும். வலிச்சாலும் முடிக்கணும்.”